கூட்டுக் களஞ்சியம்: சிறு, நடுத்தரப் பல்கலைக்கழக நூலகங்களுக்கான அமைப்பும் நடைமுறையும்

பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் ஆய்வேடுகள், ஆசிரியர்களின் கட்டுரைகள், கருத்தரங்கக் கோவைகள், பழைய ஆண்டுமலர்கள் ஆகியவற்றை ஒரே மென்பொருளில், ஒரே விதிமுறையின்கீழ் சேர்த்து வைத்து, எவரும் தேடிப் படிக்கத் திறந்துவிடும் ஏற்பாடு கூட்டுக் களஞ்சியம் எனப்படும். தனி நிறுவனக் களஞ்சியங்கள்தான் முதலில் வந்தன. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2000-இல் ஈபிரின்ட்ஸ் மென்பொருளை வெளியிட்டது. எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்பேஸ் 2002-இல் வந்தது. இரண்டும் மூலநிரலோடு இலவசமாகக் கிடைத்ததால், வசதியுள்ள பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொன்றாக நிறுவிக்கொண்டன.

இனாமாக வந்த யானைக்கும் தீனி போட்டாக வேண்டும். டிஸ்பேஸ் ஓடுவதற்கு ஜாவா, டாம்கேட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளில் இருக்க வேண்டும். 2021-இல் வந்த 7-ஆம் பதிப்பு பழைய முகப்பை முற்றிலும் கைவிட்டு ஆங்குலரில் புதிதாக எழுதப்பட்டது. 2023-இல் 6-ஆம் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. ஒரு நூலகர், இரண்டு உதவியாளர்கள், தேர்வுப் பிரிவோடு பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு கணினிப் பொறியாளர் என்று நடக்கும் நூலகத்துக்கு இந்த மேம்பாடு கைக்கு எட்டாத வேலை. நிறுவியவர் வேறு வேலைக்குப் போனதும் பழைய பதிப்பிலேயே தேங்கி, ஒருநாள் சர்வர் நின்றதும் மறக்கப்பட்டுவிடும் களஞ்சியங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. பத்து நூலகங்கள் சேர்ந்தால் அந்த மேம்பாட்டை ஒருமுறை செய்தால் போதும். கூட்டுக் களஞ்சியத்துக்கான முதல் நியாயம் இதுதான். சேமிப்பிடச் செலவு மிச்சமாவதெல்லாம் இதற்கு அடுத்தபடி.

கூட்டின் வடிவங்கள்

எளிய வடிவம், ஒரே களஞ்சியத்துக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அறை. டிஸ்பேஸில் 'சமூகம்' என்ற மேல்நிலைப் பிரிவு, அதற்குள் உட்சமூகம், அதற்குள் தொகுப்பு, தொகுப்புக்குள் உருப்படி என்ற அடுக்கு உண்டு. சமூகத்தைப் பல்கலைக்கழகமாகவும் உட்சமூகத்தைத் துறையாகவும் வைத்துக்கொண்டால் கூட்டு தயார். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா இந்த வடிவத்தில் அமைந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. அந்த ஏடுகள் வந்து சேரும் இடம் இது. தமிழ்நாட்டின் ஓர் ஆய்வேட்டைத் தேடுபவர் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொடுக்கி, துறைக்குள் நுழைந்து, தலைப்புப் பக்கம், சான்றிதழ், இயல்கள் என்று தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து வைத்திருப்பதைக் காண்பார்.

இங்கிலாந்தில் லீட்ஸ், ஷெஃபீல்டு, யார்க் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் ஒயிட் ரோஸ் என்ற பெயரில் ஒரே ஈபிரின்ட்ஸ் களஞ்சியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றுமே பெரியவை என்பதால் சிறு நூலகங்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: இரண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அங்கே ஒரே பதிவாக இருக்கலாம். தனித்தனிக் களஞ்சியங்களில் அது இரட்டைப் பதிவாகிவிடும்.

இரண்டாவது வடிவத்தில் மென்பொருள் பொது, முகப்பு தனி. ஒவ்வொரு நூலகத்துக்கும் சொந்த முகவரி, சொந்த இலச்சினை, சொந்த நிறம் இருக்கும். பின்னால் ஓடும் நிரல் ஒன்றே. துணைவேந்தரின் ஒப்புதல் பெறுவதற்கு இலச்சினை எவ்வளவு முக்கியம் என்பது நூலகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் இண்டியானா, பென்சில்வேனியா மாநிலங்களின் இரு நூலகக் கூட்டமைப்புகள் ஹைக்கூ என்ற மென்பொருளை இந்த நோக்கத்தோடு வளர்த்தெடுத்தன.

இந்த வடிவத்தை நாடளாவிய அளவில் நடத்திக் காட்டியது ஜப்பான். அங்கே பெரிய தேசியப் பல்கலைக்கழகங்கள் சொந்தக் களஞ்சியம் வைத்திருந்தன; சிறிய தனியார் கல்வி நிறுவனங்களால் முடியவில்லை. தேசியத் தகவலியல் நிறுவனம் 2012-இல் ஜைரோ கிளவுட் என்ற சேவையைத் தொடங்கியது. சர்வர், மென்பொருள், மேம்பாடு எல்லாம் மையத்தின் பொறுப்பு. பதிவேற்றமும், ஆவணத்தைப் பற்றிய விவரங்களான மீத்தரவும் நூலகத்தின் பொறுப்பு. மறு ஆண்டு ஏப்ரலில் பட்ட விதிகள் திருத்தப்பட்டு, முனைவர் பட்ட ஆய்வேடுகள் இணையத்தில் வெளியிடப்பட வேண்டும் என்றானது. முன்பு அச்சில் வெளியிட்டால் போதும். விதி வந்தபோது சேவை கையருகே இருந்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 2016-இல் களஞ்சியங்கள் வைத்திருக்கும் நிறுவனங்களே ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டு, சேவையை நடத்துவதில் பங்கேற்கத் தொடங்கின. பழைய மென்பொருளிலிருந்து, செர்ன் ஆய்வகத்தின் இன்வீனியோவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்புக்கு மாறும் பெரிய வேலையும் மையத்தின் பொறுப்பிலேயே நடந்தது. கட்டாயம், வசதி, பேசும் உரிமை என்ற மூன்றும் அடுத்தடுத்து அமைந்ததை இந்த வரலாற்றில் காணலாம். கட்டாயம் மட்டும் இருந்து வசதி இல்லாத இடங்களில் ஆய்வேடுகள் குறுந்தகடாகவே அலமாரியில் கிடக்கின்றன.

மூன்றாவது வடிவத்தில் களஞ்சியங்கள் தனித்தனியாகவே இருக்கும்; தேடல் மட்டும் பொது. ஒவ்வொரு களஞ்சியமும் ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறைப்படி தன் மீத்தரவைக் கேட்பவருக்குத் தரும். பொது வாசல் அதை இரவில் அறுவடை செய்து ஒரே தேடுபட்டியலாக்கும். நடுத்தர நூலகம் ஒன்று ஏற்கெனவே களஞ்சியத்தை நன்றாக நடத்திக்கொண்டிருந்தால் அதைக் கலைத்துவிட்டுக் கூட்டில் சேரும்படி வற்புறுத்த வேண்டியதில்லை, அறுவடை போதும். களஞ்சியமே இல்லாத சிறு நூலகத்துக்கு இந்த வடிவம் உதவாது. அறுவடைக்கு வயல் வேண்டும்.

எதை முதலில் சேர்ப்பது

ஆய்வேடுகளில் தொடங்குவதே எளிது. நகல் ஏற்கெனவே நூலகத்தில் இருக்கிறது, எழுதியவரும் நெறியாளரும் யார் என்று ஐயமில்லை, புதிய ஏடுகள் பட்ட விதியின் கட்டாயத்தால் தாமாகவே வந்து சேரும். ஆசிரியர்களின் ஆய்விதழ்க் கட்டுரைகளில் தொடங்கிய களஞ்சியங்கள் பெரும்பாலும் திணறுகின்றன. பதிப்பாளரின் அனுமதியைக் கட்டுரைக்குக் கட்டுரை பார்க்க வேண்டும், ஆசிரியரோ 'ஏற்கப்பட்ட கைப்படி' எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருப்பார்.

சிறு நூலகத்தின் உண்மையான செல்வம் வேறு எங்கும் கிடைக்காத அச்சுப்பொருள்தான்: துறைக் கருத்தரங்குகளின் கோவைகள், கல்லூரி மலர்கள், அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், வட்டார ஆய்வுக்காக எடுத்த ஒளிப்படங்கள். ஜப்பானியக் களஞ்சியங்களிலும் பெரும்பகுதி, பல்கலைக்கழகங்கள் தாமே வெளியிடும் துறை இதழ்கள்தான். நூறு படி அச்சிட்டுப் பேராளர்களுக்குக் கொடுத்து முடித்த கருத்தரங்கக் கோவை ஒன்று களஞ்சியத்தில் ஏறினால், அதன் கட்டுரைகளுக்கு முதல் வாசகர்கள் அப்போதுதான் கிடைக்கிறார்கள்.

மீத்தரவும் தமிழும்

கூட்டாளிகள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது மீத்தரவைப் பற்றி. சர்வர் பேச்சு பிறகு. டப்ளின் கோர் என்ற மீத்தரவுத் தரநிலையின் பதினைந்து கூறுகள் எல்லாருக்கும் பொது. ஆனால் 'தேதி' என்ற கூற்றில் ஒரு நூலகம் ஆய்வேடு ஒப்படைத்த நாளையும், இன்னொன்று பட்டம் வழங்கிய நாளையும், மூன்றாவது பதிவேற்றிய நாளையும் இட்டால் ஆண்டுவாரித் தேடல் குப்பையாகிவிடும். ஒவ்வொரு கூற்றுக்கும் என்ன எழுத வேண்டும், எந்த வடிவில், கட்டாயமா இல்லையா என்பதை நான்கு பக்கத்துக்கு மிகாத ஒரு குறிப்பேடாக எழுதி வைக்க வேண்டும். நாற்பது பக்கம் எழுதினால் பதிவேற்றுபவர் படிக்கமாட்டார்.

தமிழில் வரும் ஆவணங்களுக்கு இதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. அயல்நாட்டுக் கையேடுகளில் இவற்றுக்கு விடை இருக்காது. முதலாவது, பெயர். மென்பொருளின் படிவம் 'குடும்பப் பெயர்', 'முதற்பெயர்' என்று இரண்டு பெட்டிகளைக் காட்டும். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. இருப்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்து. அதைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் இடுபவர்கள் பலர். அப்போது ஆசிரியர் அகரவரிசையில் மு. வரதராசன் 'வ'-வில் இல்லாமல் 'மு'-வில் போய் உட்கார்ந்துகொள்வார். அவரே மு.வ., மு. வரதராசனார், டாக்டர் மு. வரதராசன் என்று மூன்று ஆளாகவும் ஆகலாம். இட்ட பெயர் முதற்பெட்டியில், தலைப்பெழுத்து இரண்டாம் பெட்டியில், பட்டங்கள் எங்கும் வேண்டாம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் விதியாக்கலாம். ஆங்கில எழுத்திலான வடிவத்தை மாற்றுப் பெயராகப் பதிய வேண்டும். உயிரோடிருக்கும் ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் அடையாள எண் இந்தக் குழப்பத்தை ஒரேயடியாகத் தீர்க்கும்.

இரண்டாவது, எழுத்துரு. ஒருங்குறி பரவுமுன் தட்டச்சான ஆய்வேடுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் பார்த்தால் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளாகவும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தப் பிடிஎஃப்பை அப்படியே ஏற்றினால் களஞ்சியத்தின் முழுவாசகத் தேடலில் 'தமிழ்' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. மூல வேர்டு கோப்பு கிடைத்தால் எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். கிடைக்காவிட்டால், பக்கங்களைப் படமாக்கி டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு அடியில் ஒருங்குறி உரை சேர்ப்பது மேல். பிழைகள் இருக்கும், இருந்தாலும் தேடலுக்கு உதவும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது 2010-இல். அதற்குப் பின் தட்டச்சான ஏடுகளும் ஒருங்குறியில்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஒருங்குறிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் உண்டு. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியோடு எழுதலாம். பலர் ஒற்றைக்கொம்பும் தனி 'ள'-வும் சேர்த்து 'கெளரி' என்று தட்டுகிறார்கள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. 'ஸ்ரீ'-யும் இப்படியே இரண்டு வகையாகத் தட்டப்படுகிறது. ஒகரத்தைக் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டியிருந்தால் ஒருங்குறி இயல்பாக்கம் என்ற தானியங்கி முறை சேர்த்துவிடும்; முன்சொன்ன இரண்டையும் அது தொடாது. மாதம் ஒருமுறை மீத்தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, இந்த வடிவங்களைத் தேடி மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும். டிஸ்பேஸில் இதற்கு வசதி இருக்கிறது. ஒரு பிற்பகல் வேலை.

மூன்றாவது, மொழி. தமிழ் ஆய்வேட்டுக்குத் தலைப்பும் சுருக்கமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். ஒலிபெயர்த்த தலைப்பு மட்டும் இருந்தால் இரண்டு மொழிக்காரர்களும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கோப்பின் அளவு தனியே சொல்லத் தக்கது. கூகுள் ஸ்காலர் தனக்கு வரும் கோப்புகள் ஐந்து மெகாபைட்டுக்கு மிகக் கூடாது என்கிறது. வண்ணத்தில் வருடிய முந்நூறு பக்க ஆய்வேடு இருநூறு மெகாபைட்டைத் தாண்டும். கருப்பு-வெள்ளையில் சுருக்கிய, இயல்வாரியாகப் பிரித்த படிப்புப் படி ஒன்றும், முழுத் தரத்தில் பாதுகாப்புப் படி ஒன்றும் என இரண்டாக வைப்பது நல்லது.

உரிமையும் தடைக்காலமும்

ஆய்வேட்டின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, எழுதியவருக்கு உரியது. பட்ட விதி ஒப்படைக்கச் சொல்வதால் மட்டும் கூட்டமைப்புக்கு வெளியிடும் உரிமை வந்துவிடாது. ஒப்படைப்புப் படிவத்தோடு, வெளியிடவும் வடிவம் மாற்றிப் பாதுகாக்கவும் அனுமதிக்கும் ஒரு பக்க உரிமம் கையெழுத்தாக வேண்டும். அந்த உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். கூட்டமைப்பின் பெயரில் எழுதிக்கொண்டால் நூலகம் விலகும் நாளில் சிக்கலாகும். காப்புரிமை விண்ணப்பமோ நூல் வெளியீடோ நிலுவையில் இருந்தால் முழு உரையை ஓராண்டோ இரண்டாண்டோ மூடிவைக்கலாம். மீத்தரவு முதல்நாளே திறந்திருக்க வேண்டும். எவரேனும் ஆட்சேபித்து ஓர் உருப்படியை அகற்ற நேர்ந்தால் பதிவையே அழித்துவிடாமல், அகற்றப்பட்ட நாளையும் காரணத்தையும் சொல்லும் பக்கத்தை அதே முகவரியில் விட்டுவைப்பது முறை.

பணமும் ஒப்பந்தமும்

கூட்டு முயற்சிகள் உடையும் இடம் பெரும்பாலும் இதுதான். சமபங்கு என்றால் சிறிய நூலகம் வராது. பயன்பாட்டளவில் பங்கு என்றால், அதிகம் பதிவேற்றுபவர் அதிகம் கட்ட வேண்டும் என்றாகி, பதிவேற்றுவதற்கே தண்டம் விதித்ததுபோல் ஆகிவிடும். பாதியைச் சமமாகவும் பாதியை ஆசிரியர் எண்ணிக்கைப்படியும் பிரிப்பது நடுவழி. ஆண்டுச் செலவு 6 லட்சம் ரூபாய், உறுப்பினர் ஐந்து நூலகங்கள், ஆசிரியர்கள் முறையே 240, 150, 100, 70, 40 பேர் என்று வைத்துக்கொண்டால், சமபங்கில் ஒவ்வொருவருக்கும் 1,20,000 ரூபாய். நடுவழியில் பெரிய நூலகம் 1,80,000, அடுத்தடுத்தவை 1,35,000, 1,10,000, 95,000, கடைசி நூலகம் 80,000 கட்டும். சேமிப்பிடத்துக்குத் தாராளமான ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மட்டும் தனிக் கட்டணம் வாங்கலாம்.

செலவின் பெரும்பகுதி சர்வருக்குப் போவதில்லை, ஆளுக்குப் போகிறது. மையத்தில் மென்பொருள் தெரிந்த ஒருவரும், மீத்தரவைச் சரிபார்க்கும் ஒருவரும் முழுநேரமாக வேண்டும். ஒவ்வொரு உறுப்பினர் நூலகத்திலும் பெயர் குறித்த ஒருவருக்கு வாரத்தில் குறிப்பிட்ட நேரம் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதிய ஒப்பந்தத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒப்பந்தத்தில் சேர்வதைப் பற்றி இரண்டு பத்தி இருந்தால் விலகுவதைப் பற்றி நான்கு பத்தி இருக்க வேண்டும். பெர்க்லி பேராசிரியர்கள் தொடங்கிய பீப்ரெஸ் நிறுவனத்தின் களஞ்சியச் சேவையை அமெரிக்க நூலகங்கள் பல வாங்கியிருந்தன. 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தை எல்செவியர் வாங்கியது. பதிப்பாளர்களிடமிருந்து ஆய்வை விடுவிக்கக் களஞ்சியம் வைத்தவர்கள், ஒரே நாளில் உலகின் பெரிய பதிப்பாளரின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். வணிகச் சேவை கூடாது என்று இதற்குப் பொருளில்லை. யார் கைக்கு மாறினாலும் தரவு, உரிமம், முகவரி மூன்றும் நூலகத்தோடு வெளியே வரும்படி எழுதியிருக்க வேண்டும்.

அந்த மூன்றில் முகவரியைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். டிஸ்பேஸ் ஒவ்வொரு உருப்படிக்கும் ஹேண்டில் எனப்படும் நிலைமுகவரி தரும். அதற்கு நிறுவனம் ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு முன்னொட்டு எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதவரை மென்பொருள் 123456789 என்ற மாதிரி எண்ணை இட்டுவைக்கும். பல களஞ்சியங்கள் ஆண்டுக்கணக்கில் அந்த மாதிரி எண்ணோடே ஓடுகின்றன. ஆய்வாளர்கள் அதையே மேற்கோள் முகவரியாகக் கொடுக்கிறார்கள். சர்வர் மாறிய அன்று அந்த மேற்கோள்கள் அனைத்தும் அறுந்துபோகும். கூட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி முன்னொட்டு வாங்கிவிட்டால், விலகுபவர் தன் முன்னொட்டைப் புதிய சர்வருக்குத் திருப்பிக்கொள்ளலாம். பழைய மேற்கோள்களும் வேலை செய்யும்.

பாதுகாப்பும் ஒத்திகையும்

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணம்பறிக்கும் தீநிரல் முடக்கியது. பிரிட்டன் ஆய்வேடுகளின் தேசியப் பட்டியலான ஈதாஸ் அதோடு நின்று, ஓராண்டு கடந்தும் திரும்பவில்லை. தங்கள் களஞ்சியத்தில் சொந்தப் படி வைத்திருந்த பல்கலைக்கழகங்களின் ஏடுகள் அந்தக் காலத்திலும் கிடைத்தன. மையத்தை மட்டும் நம்பியிருந்தவை கிடைக்கவில்லை. கூட்டுக் களஞ்சியத்தில் உறுப்பினரின் படி உறுப்பினரிடமும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மையம் மூன்று படி வைத்திருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில், ஒன்று இணையத்தோடு தொடர்பில்லாத வட்டில். ஒவ்வொரு கோப்புக்கும் ஏற்றும்போதே செக்சம் எண்ணைக் கணக்கிட்டு வைத்து, குறித்த இடைவெளியில் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தால், வட்டில் ஓசையின்றிப் பழுதான கோப்பு தெரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான லாக்ஸ் முறை இதையே நூலகங்களுக்கிடையில் செய்கிறது: பல நூலகங்களில் உள்ள படிகள் தமக்குள் ஒப்பிட்டுக்கொண்டு, கெட்டுப்போனதை நல்ல படியிலிருந்து சரிசெய்துகொள்ளும். ஐந்தாறு நூலகங்கள் சேர்ந்த கூட்டுக்கு இதை நடத்துவது பெரிய வேலை; முதலில் சாதாரண காப்புநகல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒழுங்காக நடக்கிறதா என்பது திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதேனும் ஓர் உறுப்பினர் நூலகம் தன் முழுத் தொகுப்பையும் கேட்க வேண்டும். மையம் அதை எளிய காப்பக வடிவில் தரும்: உருப்படிக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மீத்தரவு எக்ஸ்எம்எல், கோப்புப் பெயர்களின் பட்டியல், கோப்புகள். நூலகம் அதைத் தன் வளாகத்திலுள்ள ஒரு சாதாரண கணினியில் புதிதாக நிறுவிய டிஸ்பேஸில் ஏற்றிப் பார்க்கும். உருப்படிகளின் எண்ணிக்கை, கோப்புகளின் எண்ணிக்கை, செக்சம், தடைக்காலத் தேதி ஆகிய நான்கையும் மையத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அந்த உருப்படியின் ஹேண்டில் எண்ணைக் குறித்து மையத்துக்கு எழுத்துமூலம் அனுப்பி, அது சரியானதும் அதே ஏற்றத்தை மறுபடி செய்து பார்க்க வேண்டும்.